சாயத்தண்ணி நிறத் தொட்டிக்கு எந்தக் கெளுத்தி?

இலங்கை மலையகத்து ஹட்டனில் மீன் தொட்டி வைத்திருக்கும் எனக்குச் சில வருடங்களாகவே கரிநீர்ச் சதுப்புகள் மேல் ஒரு பித்து. விழுந்த இலைகள் ஊறி ஊறி, சாயத்தண்ணி (பால் சேர்க்காத தேநீர்) மாதிரிக் கறுத்துப்போன தண்ணீர் அது. அப்படி ஒரு தொட்டிக்கு இரண்டு கெளுத்திகளைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்: சாக்கா, கண்ணாடிக் கெளுத்தி.

கண்ணாடிக் கெளுத்தி தாய்லாந்து ஆறுகளின் மீன். உடம்புக்குள் முள்ளெலும்பு வரை தெரியும். கூட்டமாகவே வாழும், எண்ணிக்கை ஆறுக்குக் குறைந்தால் பயந்து ஒடுங்கிவிடும். பகலிலும் நடுத்தண்ணீரில் மிதக்கும், பிள்ளைகளுக்குப் பார்க்க ஆசையாக இருக்கும். சரி, ஆனால் கறுத்த தண்ணீரில் அந்தக் கண்ணாடி உடம்பு பாதி மறைந்துபோகிறது.

சாக்கா அப்படியே வேறு. மலாய் தீபகற்பம், பங்கா தீவு, போர்னியோ என்று அங்குள்ள பீட் (மட்கிய இலைதழை மண்) சதுப்புக் காடுகள்தான் அதன் வீடு. இந்த இனத்துக்கு 1852 இல் டச்சு மீனியலாளர் பிளீக்கர் பெயரிட்டார். தட்டையான தலை, அகன்ற வாய், ஒரு சாண் அளவு உடம்பு. சருகுக்குள் சருகாகக் கிடக்கும், அசையவே அசையாது. ஒரு மீன் பக்கத்தில் வந்தால் கண் இமைக்குமுன் உள்ளே இழுத்துவிடும். அதனால் கப்பி மீனோ கண்ணாடிக் கெளுத்தியோ கூட இருக்கக்கூடாது. இரண்டையும் ஒரே தொட்டியில் விட நினைப்பவர்கள் இதை மறக்கவேண்டாம்.

என் ஓட்டு சாக்காவுக்கு. அதற்குக் காரணம் நம் தண்ணீர். மலை ஓடைத் தண்ணீர் மென்மையானது, ஒரு பிடி கொட்டம்பா (நாட்டு வாதுமை) சருகு போட்டாலே அமிலத்தன்மை ஏறி வரும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீரில் இதற்கே பெரும்பாடு. (தேயிலைத் தூளை மட்டும் போடாதீர்கள், அதில் கஃபீன் இருக்கிறது.)

உள்ளூர் மகுராவை ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்கலாம். இலங்கைக்கே உரிய கெளுத்தி அது, எனக்கும் பெருமைதான். ஆனால் பெரிதாக வளரும், மூடி இல்லாவிட்டால் வெளியேறிவிடும். அதற்குக் குளம்தான் சரி.

குளிர்தான் நமக்குப் பெரிய சிக்கல். இரண்டு மீனுக்கும் 24 பாகைக்குக் குறையாத தண்ணீர் வேண்டும், ஹீட்டர் இல்லாமல் முடியாது. போன மழைக்காலத்தில் ராத்திரி கரண்ட் போய், விடியும்போது தொட்டி சில்லென்று இருந்தது. இரண்டு கண்ணாடிக் கெளுத்திகளை இழந்தேன். அப்புறம் பெரிய தொட்டிக்கு மாறி, மூன்று பக்கமும் ரெஜிபோம் (வெள்ளை நுரை அட்டை) ஒட்டினேன். தண்ணீர் அதிகம் என்பதால் சூடு மெதுவாகத்தான் இறங்குகிறது. இப்போது அதில் சாக்கா மட்டும்தான் கிடக்கிறது.