பியூஸா, அன்ரெனாவா, செட்டிங்ஸா: காரின் வாயை எதால் அடைப்பது?

திருகோணமலையில் ஓடும் கார்களில் பெரும்பங்கு ஜப்பானிலிருந்து வந்த றீகண்டிஷன் வண்டிகள். அக்வா, அக்ஸியோ, வெசல், வகன் ஆர் என்று உவர்மலையிலிருந்து நிலாவெளி வரை அதே முகங்கள்தான். காருக்குள் இருக்கும் மொடம் வழியே கார் கம்பனி நம்மை வேவு பார்க்கிறது என்று வெளிநாட்டுச் செய்தியைப் படித்துவிட்டு இந்த வண்டிகளின் டாஷ்போட்டைக் கழற்றப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் செத்த பாம்பை அடிக்கிறார்கள். உயிரோடிருக்கும் பாம்பு அதே காரில் வேறிடத்தில் படுத்திருக்கும்.

பயம் பொய்யில்லை. 2023இல் மொசில்லா அமைப்பு 25 கார் வர்த்தகப் பெயர்களின் தனியுரிமைக் கொள்கைகளை ஆராய்ந்தது, ஒன்றுகூடத் தேறவில்லை. அதே ஆண்டு மே மாதம் டொயோட்டா ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. மேகக் கணினியில் நடந்த அமைப்புத் தவறால், ஜப்பானில் சுமார் 21 இலட்சத்து 50 ஆயிரம் வாடிக்கையாளர்களின் வாகனத் தரவு 2013 நவம்பர் முதல் 2023 ஏப்ரல் வரை திறந்து கிடந்ததாம். எந்த வண்டி எந்நேரம் எங்கே நின்றது என்பதும் அதற்குள் இருந்தது. ஜெனரல் மோட்டர்ஸ் கதை இன்னும் மோசம். ஓட்டும் விதத்தையும் இடத்தையும் சரியான ஒப்புதல் இல்லாமல் சேகரித்து விற்றது என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2025 ஜனவரியில் குற்றஞ்சாட்டியது. அந்தத் தரவு காப்புறுதிக் கட்டணம் நிர்ணயிக்கும் இடம்வரை போயிருந்தது.

ஆனால் கார் இப்படித் தரவு அனுப்ப, அதற்குள் இருக்கும் மொடத்துக்கு (கைபேசி வலையமைப்போடு பேசும் பெட்டி) உயிருள்ள சிம்மும் சந்தாவும் வேண்டும். பழைய ஜப்பானிய வண்டிகளின் மொடம் பல 3ஜி வலையமைப்பை நம்பியவை. ஜப்பானில் கேடிடிஐ என்ற கைபேசி நிறுவனம் தன் 3ஜி சேவையை 2022 மார்ச் இறுதியில் மூடியது. இன்னொரு நிறுவனமான டொக்கோமோ 2026 மார்ச் 31ஐ இறுதி நாளாக அறிவித்தது. புதிய வண்டிகளில் 4ஜி மொடம் உண்டு என்றாலும், சந்தா முதல் உரிமையாளரின் பெயரில் இருந்தது. உங்கள் காரில் மொடம் உயிரோடிருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். வானம் தெரியும் இடத்தில் நிறுத்தி இக்னிஷனைப் போடுங்கள். பிளேயர் திரையின் மூலையில் சிக்னல் கோடு வருகிறதா, கூரையில் உள்ள அவசர அழைப்புக்கான எஸ்ஓஎஸ் பொத்தானின் விளக்கு பச்சையா என்று பாருங்கள். பொத்தானே இல்லையென்றால், அல்லது விளக்கு சிவப்பிலேயே நின்றால், டாஷ்போட்டில் கைவைக்க அவசரமில்லை.

வழிகளை எதிரெதிரே வைத்தால்

செட்டிங்ஸில் ஒப்புதலை நிறுத்துவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. செலவில்லை, உத்தரவாதம் கெடாது, திரும்ப இயக்கலாம். குறை என்னவென்றால், மொடம் கோபுரத்தோடு பேசிக்கொண்டுதான் இருக்கும். வாயைக் கட்டவில்லை, பேசாதே என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவே. மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு சுவிட்ச்கள் பழையபடி திரும்பியிருக்கிறதா என்றும் ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். இருந்தாலும் இந்தப் படியைத் தாண்டிப் போகக்கூடாது. காரணம் வரிசை. காரோடு இணைந்த கணக்கை நீக்க, பல வண்டிகளில் கார் இணைப்பில் இருக்க வேண்டும். முதலில் பியூஸைப் பிடுங்கினால் அந்தக் கணக்கு சேர்வரில் அப்படியே நிற்கும். பழைய உரிமையாளரின் போன் செயலியிலும் கார் பட்டியலில் இருந்துகொண்டே இருக்கும். கணக்கை நீக்கு, பிறகு ஒப்புதலை நிறுத்து, பிறகுதான் கருவியைத் தொடு.

மொடத்துக்கு மின்சாரம் தரும் பியூஸைப் பிடுங்குவது இரண்டாவது வழி. காசுக்கும் உழைப்புக்கும் கிடைக்கும் பலனைப் பார்த்தால் இதுதான் முதலிடம். பியூஸ் பெட்டி மூடியின் உட்புறப் படத்தில் டிசிஎம் (DCM), டிசியூ (TCU), டெல் (TEL), மேடே (MAYDAY), ஈகோல் (ECALL) போன்ற பெயர்களில் ஒன்றைத் தேடுங்கள். காரை நிறுத்தி, கதவுகளை மூடி, சில நிமிடம் விட்டு, பெட்டியிலேயே செருகியிருக்கும் பிளாஸ்டிக் இடுக்கியால் இழுங்கள். இழுக்கும் முன் படம் எடுத்து வையுங்கள். பிடுங்கிய பியூஸை அம்பியர் எண்ணோடு சின்னப் பையில் போட்டு கையுறைப் பெட்டிக்குள் வைத்தால், காரை விற்கும் நாளில் தேட வேண்டியதில்லை.

இதில் வரும் சிக்கல், ஒரு பியூஸ் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பது. சில டொயோட்டா மாதிரிகளில் கைபேசி மைக்கும் முன்பக்க ஸ்பீக்கர் ஒன்றும் இந்த மொடத்தின் வழியாகத்தான் போகின்றன. பியூஸ் போனதும் புளூடூத்தில் நீங்கள் கதைப்பது எதிர்ப்பக்கம் கேட்காது, ஒரு பக்கப் பாட்டும் நின்றுவிடும். அதற்கென்று இணையத்தில் விற்கும் இணைப்பு வயர்கள் அமெரிக்க மாதிரிகளுக்குச் செய்தவை. ஜப்பானிய உள்நாட்டு வண்டியின் சொக்கெட்டில் பொருந்தும் என்று நம்பி வாங்காதீர்கள். எஸ்ஓஎஸ் விளக்கு சிவப்பாகும் அல்லது அணைந்துவிடும். ஸ்கானரில் 'யு' (U) என்று தொடங்கும் தொடர்பு முறிவுக் குறியீடு பதிவாகும். கராஜில் கேட்டால் விசயத்தைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த ஒரு குறியீட்டைப் பின்தொடர்ந்து உங்கள் காசில் அரைநாள் போகும். ஜப்பானிய எஸ்ஓஎஸ் அழைப்பு போவது ஜப்பானின் ஹெல்ப்நெட் மையத்துக்கு. கந்தளாயில் விபத்தென்றால் அதனால் ஒரு பயனும் இல்லை, இங்கே அழைக்க வேண்டியது 1990 அம்புலன்ஸை. அதனால் பாதுகாப்பை இழக்கிறோமே என்ற கவலை றீகண்டிஷன் காருக்குப் பொருந்தாது.

அன்ரெனாவைக் கழற்றுவது மூன்றாவது. மைக்கும் ஸ்பீக்கரும் பிழைக்கும் என்பதே இதன் ஒரே பெரிய நன்மை. கார் அன்ரெனா வயர்களின் நுனியில் வரும் ஃபாக்ரா வகை இணைப்பிகளில் ஊதா கலந்த சிவப்பு நிறம் கைபேசி வலையமைப்புக்கு, நீலம் ஜிபிஎஸ்ஸுக்கு. நீலத்தை மட்டும் கழற்றினால் காரின் மெப் வழி தவறும், ஆனால் மொடம் தொடர்ந்து பேசும். கழற்ற வேண்டியது மற்றது. வெறுமனே கழற்றி விட்டாலும் போதாது. கோபுரம் அருகில் உள்ள அனுராதபுரச் சந்திப் பக்கம் வெறும் முனையிலிருந்தே இணைப்புக் கிடைத்துவிடலாம். 50 ஓம் முடிவுத்தடையை (அன்ரெனாவின் இடத்தில் நின்று சிக்னலை விழுங்கும் சிறு மூடி) மொடத்தின் அந்த முனையில் செருகினால்தான் சிக்னல் உண்மையில் விழும். அவசர அழைப்புக்கென்று செய்த சில மொடங்களின் உள்ளேயே மாற்று அன்ரெனாவும் சிறிய பற்றரியும் இருக்கும், அவற்றிடம் இந்த வித்தை எடுபடாது. சிக்னல் கிடைக்காத மொடம் ஓயாமல் தேடுவதால் பற்றரிச் செலவும் கூடும். மூன்று நான்கு நாள் நிறுத்தி வைக்கிற வண்டிக்கு இது நல்ல தெரிவல்ல.

மொடத்தையே கழற்றுவது நான்காவது. முழுமையானது, அதோடு சேதம் வரக்கூடியதும் இதுதான். டாஷ்போட்டுக்குள் மஞ்சள் இணைப்பிகள் எயார்பாக்குக்கு உரியவை. 10 மில்லிமீற்றர் ஸ்பானரால் நெகட்டிவ் முனையைக் கழற்றி, டொயோட்டாவென்றால் 90 விநாடி, ஹொண்டா, நிசான் என்றால் 3 நிமிடம் காத்திருக்காமல் அந்தப் பக்கம் கை போகக்கூடாது. இங்கேதான் பொறி. பற்றரி கழன்றால் டொயோட்டாவின் பல ஜப்பானிய பிளேயர்கள் பூட்டிக்கொண்டு குறியீடு கேட்கும், மெப் எஸ்டி கார்ட் இல்லையென்றால் சில திறக்கவே திறக்காது. திறக்கும் குறியீட்டைக் கடையில் காசு கொடுத்துத்தான் எடுக்க வேண்டிவரும். அக்வாவின் 12 வோல்ற் பற்றரி பின்சீட்டின் கீழ் இருப்பதால், முன்னுக்கு பொனட்டைத் திறந்து தேடி நேரம் போக்குகிறவர்களும் உண்டு. பியூஸ் வழி ஏதோ காரணத்தால் முடியாமல் போனாலொழிய இதில் இறங்க வேண்டாம்.

சிகரட் லைற்றரில் செருகி சிக்னலைக் குழப்பும் ஜாமர் என்று ஒன்றும் விற்கிறார்கள். அது ஒப்பீட்டுக்கே தகுதியற்றது. அனுமதியில்லாத வானொலிக் கருவி சட்டவிரோதம், சீனக்குடா விமானத்தளத்தை வைத்திருக்கும் ஊரில் ஜிபிஎஸ்ஸைக் குழப்புவது விளையாட்டும் அல்ல.

எயார்பாக் கணினியில் விபத்துப் பதிவி இருக்கிறது, அதையும் அழிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது மோதலை ஒட்டிய சில விநாடிகளை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ளும், தானாக எங்கும் அனுப்பாது. எயார்பாக்கைக் கெடுக்காமல் அதைத் தொட முடியாது. விட்டுவிடுங்கள்.

உயிருள்ள பாம்புகள்

இங்கே உண்மையில் பேசிக்கொண்டிருப்பது லீசிங் கம்பனியோ, வாடகைக்கு விடுபவரோ பூட்டிய ஜிபிஎஸ் ட்ராக்கர். பரவலான வகையில் நான்கு வயர்: சிவப்பு 12 வோல்ற், கறுப்பு எர்த், செம்மஞ்சள் இக்னிஷன், மஞ்சள் றிலே (தூரத்திலிருந்து காரை நிறுத்த உதவும் மின்சுவிட்ச்). உள்ளே சிறு பற்றரி உண்டு. அதனால் மின்சாரத்தை வெட்டிய உடனேயே செய்தி போய்விடும். லீசிங் முடியாத வண்டியில் இதைக் கழற்றுவது உடன்படிக்கையை மீறுவது. அங்கே தெரிவு கழற்றுவதா விடுவதா என்பதல்ல. யார் பார்க்கிறார்கள், எவ்வளவு காலம் வைத்திருக்கிறார்கள் என்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்பதுதான். அந்தச் சட்டம் கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வருவது. ஆனாலும் எழுதிக் கேட்டதற்குப் பதில் இல்லையென்பதே பின்னால் ஓர் ஆவணம்.

கடைசித் தவணை கட்டி, உரிமைப் பத்திரத்தில் கம்பனியின் பெயர் நீங்கிய பிறகும் ட்ராக்கர் உள்ளே கிடப்பதுதான் அதிகம். அப்போது கழற்றலாம், ஆனால் வயரை வெட்டாதீர்கள். றிலேயை எப்படிப் பூட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். றிலேயில் 30, 87ஏ (87a) என்று எண் போட்ட முனைகளுக்கு இடையே பெற்றோல் பம்ப் வயர் போயிருந்தால், ட்ராக்கர் போனாலும் கார் ஓடும். 30க்கும் 87க்கும் இடையே போட்டிருந்தால் ட்ராக்கர் உயிரோடிருக்கும்வரைதான் கார் ஸ்டார்ட் ஆகும். எதுவாயினும் றிலேயை எடுத்துவிட்டு வெட்டிய அசல் வயரின் இரு முனைகளையும் ஈயம் வைத்து இணைத்து, சுருங்கு குழாய் போட்டு மூடுங்கள். வெறும் கறுப்பு டேப் இந்த ஊருக்கு உதவாது. வெயிலில் பசை உருகி டேப் வழுகும், உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்துத் தடை ஏறும். பம்ப் வயரில் அது நடந்தால் கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் யானை நிற்கிற இருட்டில் என்ஜின் நிற்கும்.

ட்ராக்கர் இருக்கிறதா என்று தெரியாத பழைய வண்டியில், மல்ரிமீற்றரை 10 அம்பியரில் வைத்து நெகட்டிவ் முனைக்கும் வயருக்கும் இடையே போடுங்கள். இதற்கும் முனையைக் கழற்ற வேண்டும், பிளேயர் குறியீட்டு விசயத்தை மறக்க வேண்டாம். மீற்றர் தொடரில் இருக்கும்போது இக்னிஷனைப் போட்டால் அதன் பியூஸ் போகும். கதவுப் பூட்டை ஸ்குரூட்ரைவரால் மூடி, ஸ்மார்ட் திறப்பைத் தூரத்தில் வைத்து, அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். 50 மில்லி அம்பியருக்குக் கீழே இறங்காமல் அவ்வப்போது துள்ளினால் தேட வேண்டியதுதான்: ஸ்டியரிங் தண்டின் கீழ், பிளேயரின் பின்னால், பக்கத்துச் சீட்டின் விரிப்புக்கடியில். டாஷ்போட்டின் கீழுள்ள 16 முனை சொக்கெட்டில் செருகிய சிறு பெட்டியையும் பாருங்கள்; அதன் 16ஆம் முனையில் எப்போதும் 12 வோல்ற் இருப்பதால் கார் நிற்கும்போதும் அது வேலை செய்யும். பழைய 2ஜி ட்ராக்கர் என்றால் மீற்றரே வேண்டாம். றேடியோவைப் போட்டு வைத்தால், அது செய்தி அனுப்பும்போது ஸ்பீக்கரில் டிக்-டிக்-டிர்ர் என்று கேட்கும்.

அடுத்தது சீன அன்ட்ரொயிட் பிளேயர். மொடம் இல்லாவிட்டாலும் உங்கள் போனின் ஹொட்ஸ்பொட்டையே ஏணியாக வைத்து வெளியே போகும். ஹொட்ஸ்பொட்டை மறக்கச் செய்து, மெப்பைப் போனில் வைத்தால் அந்த ஏணி இல்லை. புளூடூத்தில் இணைக்கும்போது தொடர்பு எண்களைப் பகிரவா என்று கேட்டால் வேண்டாம் என்றாலும் அழைப்பு வேலை செய்யும். ஜப்பானிய பிளேயர் உள்ள காரை விற்கும் முன், 'ஷொக்கிகா' (初期化, தொடக்க நிலைக்குத் திருப்புவது) என்று வாசிக்கும் மூன்றெழுத்து மெனுவைப் போனின் மொழிபெயர்ப்புக் கமராவால் கண்டுபிடித்து, அதன் வழியே உள்ளிருப்பதை அழியுங்கள். வாங்கியவர்களும் அதையே செய்யலாம், ஜப்பானில் யாரோ ஒருவரின் வீட்டு முகவரி இன்னும் உள்ளே கிடக்கக்கூடும்.

2025இல் வாகன இறக்குமதி மீண்டும் திறந்த பிறகு வந்திறங்கும் புதிய மின்கார்களில் நிலைமை மாறுகிறது. அவற்றின் மொடம் இங்கே உயிரோடு வேலை செய்வதற்கென்றே வருகிறது. போனில் ஏசி போடுவது, கதவு பூட்டுவது எல்லாம் அதன் வழி. பியூஸைப் பிடுங்கினால் இவை போகும், பற்றரி உத்தரவாதத்தில் முகவர் ஒரு கேள்வியும் எழுப்பலாம். மின்காரில் பற்றரி உத்தரவாதம்தான் பெரிய சொத்து. அதை வைத்து விளையாட வேண்டாம். உத்தரவாதம் முடியும்வரை செட்டிங்ஸ் வழியே நின்று, செயலிக்குப் போனில் இட அனுமதியைப் 'பாவிக்கும்போது மட்டும்' என்று வையுங்கள். காரைக் குடும்பத்துக்குள் கைமாற்றினாலும் பழைய கணக்கை நீக்கிவிட்டே திறப்பைக் கொடுங்கள்.