டீ பேக்கா, இலையா: கிரீன் டீக்கு மாறி ஒன்றரை வருஷம்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டில் பொழுது விடிவதே காபி ஃபில்டரைத் தட்டும் சத்தத்தில்தான். நானும் நாளைக்கு நான்கு டம்ளர் காபி, டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று வளர்ந்தவள். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 6.2 என்று வந்த அன்று, "மாத்திரை இப்போ வேண்டாம், சர்க்கரையை நிறுத்துங்க" என்றார் டாக்டர். காலைக் காபியை விட மனசு வரவில்லை. மற்ற மூன்றின் இடத்தில் கிரீன் டீ வந்தது. முதல் எட்டு மாதம் டீ பேக், அப்புறம் பத்து மாதமாக இலை. என் ஓட்டு இலைக்குத்தான். டீ பேக் ஜெயிக்கும் இடமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லாருக்கும் தெரிந்தவற்றை முதலில் முடித்துவிடலாம். நாயர் கடை டீயும் கிரீன் டீயும் ஒரே செடியின் கொழுந்துதான். பறித்த இலையைச் சீக்கிரமே ஆவியிலோ வாணலிச் சூட்டிலோ காட்டி, கறுக்கவிடாமல் நிறுத்தினால் கிரீன் டீ. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு டம்ளருக்கு 2 கிராம் என்று போட்டால் 100 கிராம் இலை 50 டம்ளருக்கு வரும், அதே இலையில் இரண்டாம் முறையும் போடலாம். வேலை சுலபம் என்று பார்த்தால் டீ பேக்தான், அதில் சந்தேகமே இல்லை.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானித்தது ஒன்றே ஒன்று: கசப்பு. இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

டீ பேக் குடித்த எட்டு மாதமும் நான் அதில் ஒரு ஸ்பூன் தேன் விட்டேன். தேன் இல்லாமல் நாக்கில் அந்தத் துவர்ப்பு தாங்கவில்லை. கிரீன் டீ என்றால் இப்படித்தான் இருக்கும், உடம்புக்கு நல்லது, சகித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். எட்டு மாதம் கழித்துச் சோதித்தால் 6.1. அசையவே இல்லை. தேனும் சர்க்கரைதானே! நாளைக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரையை வேறு பெயரில் உள்ளே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்தக் கோடையில் நீலகிரி போயிருந்தோம். ஊட்டியில் தங்கிய வீட்டில் இலையைப் போட்டு ஒரு டம்ளர் கொடுத்தார்கள். தேன் இல்லை, எதுவும் இல்லை. மென்மையாக, தொண்டையில் லேசான இனிப்போடு இறங்கியது. அதே இலையில் கால் கிலோ வாங்கி வந்து இங்கே போட்டால் மறுபடி கசப்பு. ஏமாந்துவிட்டோமோ என்று இரண்டு நாள் வருத்தப்பட்டேன். விஷயம் தண்ணீரில் இருந்தது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். போதாததற்கு அந்தக் குளிரில் டம்ளரில் ஊற்றுவதற்குள் இன்னும் ஆறியிருக்கும். சென்னை கடல் மட்டத்தில் இருக்கிறது. இங்கே கொதித்தால் 100 டிகிரி. கிரீன் டீக்கு 75 முதல் 80 டிகிரி போதும். சூடு ஏற ஏற, துவர்ப்பும் கசப்பும் தரும் கேட்டசின்களும் காஃபினும் வேகமாக இறங்கிவிடுகின்றன.

சரி, டீ பேக்கிலும் ஆறிய தண்ணீரை ஊற்றினால் போதாதா என்று கேட்கலாம். நானும் செய்து பார்த்தேன், கொஞ்சம் தேவலை. ஆனால் நான் வாங்கியவற்றைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது பெரும்பாலும் நொறுங்கலும் தூளும்தான். தூள் என்றால் தண்ணீர் படும் பரப்பு அதிகம், சாறு சட்டென்று இறங்கிவிடும். ஒரு நிமிஷத்தில் எடுத்தால் ருசி, போன் வந்து மூன்று நிமிஷம் ஆனால் கஷாயம். இலை அப்படி அவசரப்படுத்தாது. அரை நிமிஷம் முன்னே பின்னே ஆனாலும் பொறுத்துக்கொள்ளும். வீட்டில் நூறு வேலைக்கு நடுவே டீ போடுகிறவளுக்கு அந்த அரை நிமிஷம் பெரிய விஷயம்.

இப்போது நான் செய்வது இதுதான். அடுப்பில் தண்ணீர் வைத்து, பாத்திரத்தின் அடியில் கடுகளவு குமிழ்கள் எழும்ப ஆரம்பித்ததும் அணைத்துவிடுவேன். தப்பித் தவறிக் கொதித்துவிட்டால் டபராவிலும் டம்ளரிலும் மூன்று முறை ஆற்றுவேன், காபிக்குப் பழகிய கைதானே. கண்ணாடி டம்ளரில் ஒரு ஸ்பூன் இலை, மேலே அந்தத் தண்ணீர், இரண்டு நிமிஷம். சீரகம்போல் சுருண்டு கிடந்த இலை மெதுவாக அவிழ்ந்து, அதன் ரம்ப விளிம்புகூடத் தெரியும்படி விரியும். தண்ணீர் வாழைக்குருத்து நிறத்துக்கு வரும்போது வடிகட்டுவேன். வறுத்த பாசிப்பயறைத் தண்ணீரில் போட்டதுபோல ஒரு வாசனை எழும். மூன்று மணி வெயிலில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து அதைக் குடிக்கும் பத்து நிமிஷத்துக்காகவே நான் காத்திருக்கிறேன். தேன் பாட்டிலை எடுத்து மாதக்கணக்கு ஆகிறது.

கடைசியாகச் சோதித்தபோது 5.8. இதைத் தேயிலையின் மகிமை என்று சொல்ல மாட்டேன். இனிப்பு போனதுதான் முதல் காரணம். இலை எனக்குச் செய்த உதவி, இனிப்பில்லாமலே தினமும் ஆசையாகக் குடிக்க வைத்தது. நன்மை என்று பேசும் ஆய்வுகளும் வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவர்களைப் பற்றியவைதான். ஜப்பானில் மியாகி பகுதியில் 40,530 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், நாளைக்கு ஐந்து கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களிடம் இதய, ரத்தக்குழாய் நோய்களால் இறப்பது குறைவாக இருந்தது. புற்றுநோய் மரணத்தில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. அதுவும் கவனித்துப் பார்த்த ஆய்வுதான். டீ மட்டுமே காரணம் என்று அது நிரூபிக்காது. எடை குறையும் என்று நம்பி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 2012-ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வு, குறையும் எடை பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை என்றே சொன்னது. எனக்கு ஒரு கிலோ குறைந்தது, அதுவும் சர்க்கரை போனதால் என்றே நினைக்கிறேன்.

டீ பேக் தெளிவாக ஜெயிக்கும் இடம் நம் ஊர்க் காற்று. ஐப்பசி மழையில் அப்பளம் நமத்துப் போவதுபோல இலையும் நமத்துப் போகும். ஊட்டியில் வாங்கிய கால் கிலோவை அகன்ற பாட்டிலில் வைத்துத் தினமும் திறந்ததில், கார்த்திகைக்குள் வைக்கோல் வாசனை வந்துவிட்டது. ஃபிரிட்ஜில் வைத்தால் வெளியே எடுக்கும்போதெல்லாம் வியர்க்கிறது, பக்கத்திலிருந்த மல்லிகைப்பூ வாசனையையும் இழுத்துக்கொண்டது. (சீனாவில் மல்லிகையோடு சேர்த்து வைத்துத்தான் மணமூட்டுகிறார்கள் என்றாலும், அதில் பூவோடு மோர்மிளகாய் வாசனை சேராது.) இப்போது 100 கிராமுக்கு மேல் வாங்குவதில்லை. இறுக்கமான மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வைக்கிறேன். தனித்தனி உறையில் வரும் டீ பேக்குக்கு இந்தக் கவலையே கிடையாது. மாதம் நான்கைந்து முறைதான் குடிப்பேன் என்பவர்கள் தாராளமாக அதையே வாங்கலாம்.

ஆபீசுக்கு நானும் டீ பேக்தான். அங்கே மெஷினில் கொதிக்கக் கொதிக்கத்தான் தண்ணீர் வருகிறது. முதலில் கால் கப் பச்சைத் தண்ணீர் பிடித்து, அதற்கு மேல் சுடுதண்ணீரை நிரப்பி, ஒரு நிமிஷத்தில் பையை எடுத்துவிடுவேன். பிழியவே கூடாது. பிரமிட் வடிவப் பைகளில் முழு இலை வருகிறது. ஒரே ஒரு டப்பாதான் வாங்கிப் பார்த்தேன், ருசி நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த வலை பல பிராண்டுகளில் நைலான் மாதிரியான பிளாஸ்டிக். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தினர் 2019-ல் இத்தகைய பையைச் சூடான நீரில் போட்டபோது கோடிக்கணக்கான நுண்பிளாஸ்டிக் துகள்கள் இறங்கின. அதோடு எனக்கு ஆசை விட்டுப் போனது. மாட்சா (கிரீன் டீ இலையை மாவாக அரைத்தது) இரண்டே முறைதான் குடித்திருக்கிறேன், அதைப் பற்றித் தீர்ப்பு சொல்ல அது போதாது. கிரீன் டீ மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். நாளைக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ EGCG என்ற கேட்டசினை மாத்திரையாக எடுப்பவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பின் அறிகுறி தெரியலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் எச்சரித்திருக்கிறது.

இலையோ பையோ, சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதீர்கள். கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை இது குறைக்கும். தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. என் மகளுக்கும் ஹீமோகுளோபின் 10-தான், அதனால் அவளைச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் குடிக்கவிடுகிறேன். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

என் மாமியார் டீ பேக் காலத்தில் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏம்மா, வேப்பிலைக் கஷாயம் மாதிரி இருக்கே, இதை எப்படிக் குடிக்கிறே?" என்று டம்ளரைக் கீழே வைத்தவர். காபியில் இரண்டாம் டிகாக்‌ஷனைத் தொடவே மாட்டார். இலை வந்த பிறகு ஒரு நாள், வடிகட்டியில் மிச்சமிருந்த இலையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். துவர்ப்பு முதல் தண்ணீரோடு போய்விடுவதால் இரண்டாவது இன்னும் சாதுவாக இருக்கும். இப்போதெல்லாம் நான்கு மணிக்குச் சமையலறை வாசலில் நின்று கேட்கிறார்: "அந்த ரெண்டாம் டிகாக்‌ஷன் இருக்காம்மா?"