டிரேக் லேண்டிங் சோலார் ஹீட்டிங்: ரெண்டு நாள் தங்கி பாத்த அனுபவம்

கனடால கால்கரிக்கு தெக்க ஓகோடோக்ஸ்னு ஒரு ஊரு, அங்க டிரேக் லேண்டிங்ங்கற 52 வீட்டு காலனில ஃப்ரெண்டு வீட்ல 2019 பிப்ரவரில ரெண்டு நாள் தங்கினேன், வெளிய மைனஸ் 25 இருக்கும். அந்த வீட்டு ஹீட்டிங்க பத்தி எழுதணும்னு அப்பவே நெனச்சேன், இப்பதான் முடிஞ்சுது.

எங்க வீட்டுல கேஸ எரிச்சு வீட்ட சூடாக்குற ஃபர்னஸ் திடீர்னு உறுமிக்கிட்டு அனல கக்கும், கொஞ்ச நேரத்துல நின்னுரும், அப்புறம் குளுரும், காலைல தொண்டையெல்லாம் வறண்டு போயிருக்கும். இங்க காத்து இளஞ்சூடாதான் வருது, ஆனா நிதானமா வந்துட்டே இருக்கு, சத்தமும் இல்ல. என் பொண்ணு சாக்ஸ் இல்லாம ஓடிட்டிருந்தா.

அத்தனையும் போன கோடைல அடிச்ச வெயிலு! கராஜ் கூரை மேல வரிசையா மொத்தம் 800 பேனல், அதுல சேருற வெயில் சூட்ட தண்ணிக்கு மாத்தி, அந்த தண்ணிய 35 மீட்டர் ஆழத்துல போட்ட 144 போர் குழில இருக்கற பைப் வழியா விட்டு மண்ணையே சூடாக்கி வெச்சுடுறாங்க, கோடை முடியறப்ப நடுமண்ணு 80 டிகிரி வரைக்கும் போகும். சூட்ட ஏத்தும்போது தண்ணி நடுவுல இருந்து ஓரத்துக்கு போகும், எடுக்கும்போது ஓரத்துல இருந்து நடுவுக்கு, அதனால நல்ல சூடு நடுவுலயே நிக்கும். மேல இன்சுலேஷன் போட்டு மூடி பார்க் ஆக்கிட்டாங்க, அங்க நின்னா கீழ இவ்ளோ பெரிய அடுப்பு இருக்குன்னு சத்தியமா தெரியாது.

2007ல ஆரம்பிச்சப்ப மண்ணு சூடேறவே சில வருஷம் ஆச்சு, அஞ்சாவது வருஷம் 97 சதவீத ஹீட்டிங் வெயில்லயே ஓடுச்சு, 2015-16 குளிர்காலத்துல முழுசா 100.

மனசு கஷ்டமானது 2024ல. பார்ட்ஸ் பழசாகி, மாத்த சாமான் கெடைக்காம, ரிப்பேர் செலவும் கட்டுப்படியாகாம மூடிட்டாங்க, வீடுங்க எல்லாம் கேஸுக்கு போயிடுச்சு. ஐடியா தோத்துடுச்சுன்னு சொல்றவங்கள நான் ஒத்துக்க மாட்டேன், 52 வீட்டுக்குன்னே தனியா செஞ்ச சிஸ்டம், அந்த செலவ அவ்ளோ கொஞ்ச பேரால தாங்க முடியல. டென்மார்க் வோயன்ஸ்ல 2 லட்சம் கன மீட்டர் குழில சுடுதண்ணி தேக்கி ஊருக்கே சூடு குடுக்குறாங்க, பெருசா செய்யும்போது சூடு வீணாகறதும் கம்மி, செலவும் நெறைய வீட்டுக்கு பிரிஞ்சு போயிடும்.

வீட்டுக்குள்ள இருந்த சுகத்துக்கு 5க்கு 5, பராமரிப்புக்கு 2தான் போடுவேன். இந்த மாதிரி காலனில யாராவது வீடு பாக்குறீங்கன்னா பில்லு எவ்ளோன்னு கேக்கறதுக்கு முன்னாடி, பம்ப்பும், சூட்ட காத்துல ஏத்தி வீட்டுக்குள்ள ஊதுற ஏர் ஹேண்ட்லரும் 15 வருஷம் கழிச்சு கெட்டுப்போனா எங்க வாங்குவாங்க, யாரு பணம் கட்டணும்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.