மின்கம்பிக்குப் பந்தா, கோபுரத்துக்கு விளக்கா?

புதிதாக இழுத்த அலுமினிய மின்கம்பி வெயிலில் பளபளக்கும். நாளடைவில் சாம்பல் நிறமேறி, பின்னாலிருக்கும் மலையோடும் வானத்தோடும் கரைந்துவிடும். வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானிக்கும் மீட்பு ஹெலிகாப்டர் ஓட்டுபவருக்கும் இதுதான் எமன்.

அமெரிக்காவில் ஆறுகளையும் பள்ளத்தாக்குகளையும் கடக்கும் கம்பிகளில், விமானியின் கண்ணில் படுவதற்காக 36 அங்குலப் பந்துகளை மாட்டுகிறார்கள். ஏறக்குறைய 200 அடிக்கு ஒன்று. ஆரஞ்சு, வெள்ளை, மஞ்சள் என நிறம் மாறி மாறி வரும். இருப்பதிலேயே உயரமான கம்பியில்தான் அவை தொங்க வேண்டும். அந்தரத்தில் நிற்கும் ஹெலிகாப்டரின் பக்கவாட்டுப் பலகையில் உட்கார்ந்தபடி, இரண்டு அரைக்கோளங்களைக் கம்பியின்மேல் சேர்த்து ஒரு தொழிலாளி திருகுவார். அந்தத் துணிச்சலை நினைத்தாலே உடல் சிலிர்க்கிறது. மாட்டிய பிறகு பந்துக்கு மின்சாரம் தேவையில்லை. ஆனால் சாதாரணப் பந்து இருட்டில் பயன்படாது.

கம்பியைத் தாங்கும் மின்கோபுரத்தில் பொருத்தும் விளக்கு இரவிலும் எச்சரிக்கும். நடு, உச்சி, அடி என்ற வரிசையில் நிமிடத்துக்கு 60 முறை மின்னும். இந்த வரிசையைக் கண்டாலே, இது தனிக் கோபுரமல்ல, அடுத்த கோபுரம்வரை கம்பி ஓடுகிறது என்று விமானி புரிந்துகொள்வார். சிக்கல் இரண்டு: உயரழுத்தக் கம்பியிலிருந்து விளக்குக்கு நேரடியாக மின்சாரம் எடுக்க முடியாது, தாழ்ந்து தொங்கும் கம்பியும் இருளிலேயே இருக்கும்.

பகலில் மட்டும் விமானங்கள் பறக்கும் வயல்வெளிகளுக்குப் பந்தே போதும் என்பேன். இரவிலும் ஹெலிகாப்டர்கள் பறக்கும் ஆற்றுப் பாதைகளில் இரண்டும் வேண்டும். அங்கே செலவைக் காரணம் காட்டுவதை என்னால் ஏற்க முடியாது.