வாண்டர்பில்ட் சகோதரர்களின் மாளிகைகள்: கிறிஸ்துமஸுக்குக் குடும்பத்தோடு எங்கே போகலாம்?

டிசம்பர் கடைசியில் அமெரிக்கப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும், கிழக்குக் கடற்கரை மாநிலங்களில் வாழும் பல தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சுதான். பிள்ளைகளையும், ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டியையும் சேர்த்து எங்கே அழைத்துப் போவது? கடற்கரையில் பத்து நிமிடம் நிற்க முடியாது. மலைப் பாதைகளில் பனி. நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் மையத்து மரத்தைப் பார்க்கப் போனால், கூட்டத்தில் குழந்தையின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதே முழுநேர வேலையாகிவிடும். இந்தப் பருவத்துக்கு ஏற்றவை கிறிஸ்துமஸ் அலங்காரம் செய்யப்பட்ட பழைய மாளிகைகள்தான் என்பது என் உறுதியான எண்ணம். தலைக்கு மேலே கூரை இருக்கும், உள்ளே கதகதப்பு இருக்கும், பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு பெரிய கதையும் இருக்கும்.

அந்த மாளிகைகளில் மூன்று இடங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். வட கரோலினா ஆஷ்வில்லில் உள்ள பில்ட்மோர், ரோட் ஐலண்டின் நியூபோர்ட் மாளிகைகள், நியூயார்க் மாநிலம் ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள ஹைட் பார்க் மாளிகை. இவற்றை ஒப்பிடுவது நியாயமானது, ஏனென்றால் மூன்றும் ஒரே குடும்பத்தின் கதை. படகுத் தொழிலில் தொடங்கி ரயில்வே அதிபரான கொர்னேலியஸ் வாண்டர்பில்ட் 1877இல் இறந்தபோது விட்டுச்சென்ற சொத்து சுமார் 10 கோடி டாலர். மகன் வில்லியம் ஹென்றி எட்டே ஆண்டுகளில் அதை இரட்டிப்பாக்கிவிட்டு 1885இல் மறைந்தார். வில்லியம் ஹென்றியின் நான்கு மகன்களும் வீடு கட்டுவதில் ஒருவரையொருவர் மிஞ்சினார்கள். மூத்தவர் இரண்டாம் கொர்னேலியஸ் நியூபோர்ட்டில் 'தி பிரேக்கர்ஸ்' கட்டினார். அடுத்தவர் வில்லியம் அதே ஊரில் 'மார்பிள் ஹவுஸ்'. மூன்றாமவர் ஃபிரெடரிக் ஹைட் பார்க்கில் நிலம் வாங்கினார். கடைக்குட்டி ஜார்ஜ் மலை நாட்டுக்குள் போய் பில்ட்மோரை எழுப்பினார். பிரேக்கர்ஸ் கட்டி முடிந்ததும், பில்ட்மோர் திறந்ததும், ஹைட் பார்க் நிலம் கைமாறியதும் எல்லாம் 1895ஆம் ஆண்டில்தான்.

நான் அளக்கும் முதல் அளவுகோல் ஒன்று உண்டு. இந்த வீட்டில் உண்மையில் கிறிஸ்துமஸ் கொண்டாடப்பட்டதா? எந்தப் பெரிய கூடத்திலும் மரம் நட்டு விளக்குப் போட்டுவிடலாம். வணிக வளாகங்களும் அதைத்தான் செய்கின்றன. பழைய வீட்டைத் தேடிப் போகும்போது அந்த வீட்டின் சொந்தக் கொண்டாட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன்.

பில்ட்மோர்: கிறிஸ்துமஸில் பிறந்த வீடு

இந்த அளவுகோலில் பில்ட்மோருக்குப் போட்டியே இல்லை. 1895 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள்தான் ஜார்ஜ் வாண்டர்பில்ட் இந்த வீட்டை உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் திறந்துவைத்தார். அப்போது அவருக்கு வயது 33, திருமணம் ஆகவில்லை. ஆறு ஆண்டு உழைப்பில் எழுந்த வீடு. 250 அறைகள், 35 படுக்கையறைகள், 43 குளியலறைகள், 65 கணப்படுப்புகள். இதை வடிவமைத்த ரிச்சர்ட் மாரிஸ் ஹன்ட் அந்த ஆண்டு ஜூலையிலேயே இறந்துவிட்டார். தன் மிகப் பெரிய வீட்டில் நடந்த முதல் விருந்தை அவர் பார்க்கவில்லை. பண்ணையில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளை அழைத்துப் பரிசு கொடுக்கும் வழக்கமும் தொடக்கக் காலத்திலேயே வந்தது. ஜார்ஜின் மனைவி ஈடித் வந்த பிறகு அதைத் தன் பொறுப்பாகவே எடுத்துக்கொண்டார்.

விருந்துக் கூடத்துக்குள் நுழையும்போது பெரியவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிடுவார்கள். 70 அடி உயரக் கூரை. அதன் கீழே 35 அடி உயரமுள்ள உண்மையான ஃபிரேசர் ஃபர் மரம். இது அந்த மலைத்தொடருக்கே உரிய மரம்; தெற்கு அப்பலாச்சிய மலைகளின் உயரமான பகுதிகளில்தான் இயற்கையாக வளர்கிறது. வட கரோலினா விவசாயிகள் இதைத் தோட்டப் பயிராக வளர்த்து நாடெங்கும் அனுப்புகிறார்கள். ஆண்டுதோறும் பணியாளர்கள் கூட்டமாகச் சேர்ந்து கயிறு கட்டி இந்த மரத்தை நிமிர்த்துகிறார்கள். வெளியே ஒரு மரம், குளிர்காலத் தோட்டம் எனப்படும் கண்ணாடிக் கூரை அறையில் செடிகளுக்கு நடுவே அலங்காரம், நூலகத்தில் வேறொன்று என்று அறைக்கு அறை மாறிக்கொண்டே போகிறது. நூலகத்தில் மட்டும் 10,000 புத்தகங்கள் அடுக்கப்பட்டுள்ளன. ஜார்ஜ் வாழ்நாள் முழுவதும் படித்த மனிதர். படிக்கும் பழக்கமுள்ள பிள்ளை அந்த அறையை விட்டு லேசில் வராது.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடிப்பது தரைத்தளத்துக்கும் கீழே இருப்பது. உள்ளரங்க நீச்சல் குளம், பந்து உருட்டும் தளம், சமையலறைகள், துணி துவைக்கும் அறைகள், பணியாளர்களின் படுக்கையறைகள். மேலே சரவிளக்குகளைப் பார்த்துவிட்டு, அவற்றைத் துடைத்தவர்கள் எங்கே தூங்கினார்கள் என்பதையும் அதே நாளில் பார்த்துவிடலாம். பெற்றோர் இந்தப் பகுதியை அவசரமாகக் கடக்கக் கூடாது. குழந்தைகள் கேட்கும் நல்ல கேள்விகள் எல்லாம் இங்கேதான் வரும்.

இதற்கு விலை உண்டு. கிறிஸ்துமஸ் பருவத்தில் பெரியவர் ஒருவருக்கான டிக்கெட் பெரும்பாலும் 100 டாலரைத் தாண்டுகிறது. மாலையில் மெழுகுவர்த்தி ஒளியில் சுற்றிப் பார்க்கும் ஏற்பாட்டுக்கு இன்னும் கூடுதல். சின்னக் குழந்தைகளுக்குப் பகலில் பொதுவாகக் கட்டணம் இல்லை என்றாலும், நான்கு பெரியவர்கள் உள்ள குடும்பத்துக்குக் கணிசமான செலவுதான். எந்த நேரத்துக்குப் பதிவு செய்தோமோ அந்த நேரத்தில்தான் உள்ளே விடுவார்கள். கூட்டம் நெருக்கும், ஒற்றை வரிசையில் நகர்ந்துகொண்டே பார்க்க வேண்டிய அறைகள் உண்டு. வீடு இன்றும் ஜார்ஜின் வாரிசுகளின் கையில் இருக்கும் தனியார் நிறுவனம். அரசு மானியத்தில் நடப்பதில்லை என்பதை நினைவில் வைத்தால் கட்டணத்தின் காரணம் புரியும். 1930இல், பொருளாதார வீழ்ச்சியில் தவித்த ஊருக்குச் சுற்றுலாப் பயணிகள் வரட்டும் என்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட வீடு இது. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் ஆஷ்வில்லைச் சிதைத்தபோதும் சில வாரம் மூடியிருந்து, நவம்பர் தொடக்கத்தில் கிறிஸ்துமஸ் அலங்காரத்தோடு மீண்டும் திறந்தது. அந்த ஊருக்கு அந்தப் பருவ வருமானம் எவ்வளவு தேவை என்று தெரிந்தவர்கள், அங்கே செலவழிக்கும் பணத்தை வீண் என்று சொல்ல மாட்டார்கள்.

நியூபோர்ட்: அழகு உண்டு, ஆனால் கோடை வீடு

நியூபோர்ட் மாளிகைகள் கோடைக்காலத்துக்காகக் கட்டப்பட்டவை. பிரேக்கர்ஸின் 70 அறைகளும் ஆண்டில் சில வாரங்களுக்கே குடும்பத்தின் குரல் கேட்டன. டிசம்பரில் கொர்னேலியஸ் குடும்பம் நியூயார்க் ஐந்தாம் அவென்யூ வீட்டில் இருக்கும். இங்கே நாற்காலிகளுக்கு உறை போட்டிருப்பார்கள். எனவே இன்று இங்கே காணும் கிறிஸ்துமஸ் முழுக்க முழுக்கப் பிற்காலத்தில் வந்தது. பெரிய கூடத்தில் பாயின்செட்டியா தொட்டிகளை அடுக்கி மரம்போல் எழுப்பியிருப்பார்கள். சிவப்பும் கல்லின் வெளிர் நிறமும் சேரும்போது மிக அழகாகத்தான் இருக்கிறது. அந்தச் செடிகளை மாளிகைகளைப் பராமரிக்கும் சங்கமே தன் கண்ணாடிக் கூடங்களில் வளர்க்கிறது. அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் பாயின்செட்டியா வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் தொட்டிச் செடியாகப் பரவியதே 20ஆம் நூற்றாண்டில்தான். 1895இல் இந்த வீட்டைக் கட்டியவர் கண்டிராத காட்சியை நாம் பார்க்கிறோம்.

அதனால் நியூபோர்ட்டை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. வீடுகளுக்காகப் போங்கள், அலங்காரத்தைக் கூடுதல் வரவாக வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கர்ஸ் நின்ற இடத்தில் முன்பு இருந்த மர வீடு 1892இல் எரிந்து போனது. அந்தப் பயத்தில் புதிய வீட்டின் சமையலறையைத் தனிப் பகுதியாக ஒதுக்கி, கொதிகலனை வீட்டைவிட்டுத் தள்ளி வைத்துச் சுரங்கப் பாதையால் இணைத்தார்கள். குளியலறைக் குழாய்களில் நல்ல தண்ணீரோடு கடல் தண்ணீரும் வந்தது. இத்தனையும் செய்த கொர்னேலியஸ் 1896இல் பக்கவாதத்தால் விழுந்து, 1899இல் 55 வயதில் இறந்துவிட்டார். மார்பிள் ஹவுஸுக்கான செலவு 1 கோடியே 10 லட்சம் டாலர். அதில் 70 லட்சம் சலவைக்கல்லுக்கு மட்டும். அந்த வீட்டின் தலைவி ஆல்வா கணவரிடமிருந்து விவாகரத்துப் பெற்று, பின்னாளில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர். அதே வீட்டில் கூட்டங்கள் நடத்தினார். பதின்ம வயதுப் பெண் பிள்ளைகள் உள்ள வீட்டினருக்கு நான் முதலில் சொல்லும் கதை இது.

வழக்கமாக அலங்கரிக்கப்படும் மூன்றாவது வீடு 'தி எல்ம்ஸ்'. இது வாண்டர்பில்ட் வீடு அல்ல. நிலக்கரி அதிபர் எட்வர்ட் பெர்விண்ட் 1901இல் கட்டி முடித்தது. வீட்டுக்கு வரும் நிலக்கரி விருந்தினர் கண்ணில் படக் கூடாது என்று தெருவிலிருந்து நிலத்தடிச் சுரங்கத்தில் தண்டவாளம் போட்டுக் கொண்டுவந்தார்கள். 1962இல் இடிக்கப்படவிருந்த வீட்டைப் பராமரிப்புச் சங்கம் வாங்கிக் காப்பாற்றியது. என்னைக் கேட்டால், மூன்றில் மனத்தில் நிற்பது இதுதான்.

நடைமுறையில் நியூபோர்ட்டின் பெரிய வசதி, அவரவர் வேகத்தில் பார்க்கலாம். பல வீடுகளுக்கும் சேர்த்து டிக்கெட் கிடைக்கும். பில்ட்மோரைவிடக் குறைந்த செலவு. குழந்தை அழுதால் ஒரு வீட்டோடு நிறுத்திக்கொண்டு மதிய உணவுக்குப் பிறகு அடுத்ததற்குப் போகலாம். பாஸ்டனிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடலாம். கடலோரமாக மூன்றரை மைல் ஓடும் கிளிஃப் வாக் நடைபாதையை மட்டும் டிசம்பரில் தாத்தா பாட்டியோடு முயல வேண்டாம். காற்று எலும்பைத் துளைக்கும்.

ஹைட் பார்க்: சிறியது, நிதானமானது

ஃபிரெடரிக் நால்வரில் அமைதியானவர். அவருக்குக் குழந்தைகள் இல்லை. 1899இல் முடிந்த அவர் வீட்டில் 54 அறைகள். இந்தக் குடும்பத்துக்கு அது அடக்கமான அளவு. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும்தான் பெரும்பாலும் தங்குவார்கள். ஆனாலும் உள்ளூர் ஓடையிலிருந்தே மின்சாரம், வீடு முழுவதும் வெப்பம் என்று குளிருக்கும் தயாராகவே கட்டிய வீடு. 1938இல் அவர் இறந்த பிறகு, வாரிசான மைத்துனியின் மகள் விற்க முயன்றும் வாங்க ஆள் இல்லை. அதே ஊர்க்காரரான அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் எடுத்துச் சொல்லி 1940இல் நாட்டுக்குக் கொடையாகப் பெற்றார். இன்று தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் இருக்கிறது.

இங்கே வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும். அது குறையில்லை, பெரும் வரம். சிறு குழுவாக அழைத்துப் போய், நின்று விளக்கி, பாட்டி கேட்கும் கேள்விக்கும் பதில் சொல்வார்கள். மரமும் தோரணமும் அளவோடு இருக்கும். கட்டணம் பில்ட்மோரில் கொடுப்பதில் ஒரு சிறு பங்குதான். 15 வயது வரை இலவசம். ஹட்சன் ஆற்றையும் அப்பால் காட்ஸ்கில் மலைகளையும் பார்த்த புல்வெளியில் நடக்கக் காசே வேண்டாம். சில மைல் தொலைவில் ரூஸ்வெல்ட்டின் வீடும் இருக்கிறது. நியூஜெர்சியிலிருந்து காலையில் கிளம்பி இரவு வீடு திரும்பிவிடலாம். பழைய கட்டடம் என்பதால் பழுதுபார்ப்பு வேலைகள் நடப்பதுண்டு. எந்த அறைகள் திறந்திருக்கின்றன என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்வது நல்லது.

யாருக்கு எது?

பிள்ளைகள் எட்டு வயதைக் கடந்திருந்து, வாழ்நாளில் ஒருமுறை என்று போவதாக இருந்தால் பில்ட்மோர்தான். சார்லட்டிலிருந்து இரண்டு மணி நேரம், அட்லாண்டாவிலிருந்து மூன்றரை மணி நேரம். மாலை நேர டிக்கெட் எடுத்து, ஓர் இரவு தங்கிவிடுங்கள். பெரியவர்கள் முழங்கால் வலிக்காரர்கள் என்றால் பகல் நேரமே மேல். முழுவதும் நடக்க வேண்டிய வீடு அது. முன்னதாகவே தொலைபேசியில் பேசி மின்தூக்கி வசதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். கைக்குழந்தை, மூன்று வயதுக் குழந்தை உள்ளவர்கள் இந்த ஆண்டு ஹைட் பார்க் போய்விட்டு, பில்ட்மோரைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். தொடத் தடையுள்ள நூற்றுக்கணக்கான பொருள்களுக்கு நடுவே துள்ளும் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, 100 டாலர் டிக்கெட்டில் எதையும் பார்க்காமல் திரும்புவதில் யாருக்கும் மகிழ்ச்சி இல்லை. பாஸ்டன் பக்கம் இருப்பவர்களும், வரலாற்றில் ஈடுபாடுள்ள வளர்ந்த பிள்ளைகள் உள்ளவர்களும் நியூபோர்ட் போகலாம். எல்ம்ஸையும் மார்பிள் ஹவுஸையும் விட்டுவிடாதீர்கள்.

நாள் குறிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நியூபோர்ட் மாளிகைகளும் ஹைட் பார்க்கும் டிசம்பர் 25 அன்று மூடியிருக்கும். பில்ட்மோர் ஆண்டின் எல்லா நாளும் திறந்திருக்கும் என்பதால், அந்த நாளிலேயே போக விரும்புவோருக்கு வேறு வழியில்லை. அன்றைய டிக்கெட்டை வெகு முன்னதாகவே பதிவு செய்துவிடுங்கள்.