சிசிஎன்ஏ தேர்வுக்கு எதைக் கொண்டு படிப்பது: கீழக்கரையிலிருந்து ஒரு மதிப்பீடு

கீழக்கரையில் சிசிஎன்ஏ தேர்வைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வளைகுடா நாட்டு வேலையோடு சேர்ந்தே எழுகிறது. துபாயிலும் தோஹாவிலும் நெட்வொர்க் பராமரிப்பு வேலை தேடும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள், நெட்வொர்க் கருவிகளைத் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனத்தின் இந்தச் சான்றிதழோடு விமானம் ஏறவே விரும்புகிறார்கள். தேர்வுக் கட்டணம் 300 அமெரிக்க டாலர், வரி தனி. தேர்ச்சி பெறாவிட்டால் அந்தத் தொகையை மறுபடியும் கட்ட வேண்டும் என்பதால், எந்தப் பொருளைக் கொண்டு படிப்பது என்பதை முதலிலேயே ஆராய்ந்து முடிவுசெய்ய வேண்டும். வேலைக்குச் சென்றுகொண்டே ஏழு மாதங்கள் படித்துத் தேர்ச்சி பெற்ற நான், எனக்கு உதவியவற்றையும் உதவாதவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கைக்கு வந்தது, கத்தாரிலிருந்து திரும்பிய என் மூத்த காக்கா (அண்ணன்) அன்போடு கொடுத்த பழைய புத்தகம். மூன்று வாரம் படித்த பிறகுதான் அதன் அட்டையில் 200-125 என்ற எண் இருப்பதைக் கவனித்தேன். அந்தத் தேர்வு 2020 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டு, அதற்குப் பதிலாக 200-301 என்ற தேர்வு வந்துவிட்டது. அதன் பாடத்திட்டமும் 2024 ஆகஸ்டில் 1.1 என்ற பதிப்பாகத் திருத்தப்பட்டது. பழைய புத்தகம் ஈஐஜிஆர்பி, ஆர்ஐபி ஆகிய ரவுட்டிங் முறைகளுக்கு (தரவு செல்லும் வழியை ரவுட்டர்கள் கண்டறியும் முறைகள்) ஒதுக்கிய பக்கங்களை இன்று ஓஎஸ்பிஎஃப் என்ற இன்னொரு முறை பிடித்துக்கொண்டிருக்கிறது. தானியங்கி மேலாண்மைக்கு மட்டும் 10 சதவீத மதிப்பு தரப்பட்டுள்ளது. ஆகவே எந்தப் புத்தகத்தை வாங்கினாலும், இரவல் பெற்றாலும், முதலில் தேர்வு எண்ணைப் பாருங்கள். ஒரு நெட்வொர்க்கைச் சிறு பிரிவுகளாக்கும் சப்நெட்டிங் கணக்கு மட்டும் பழையதாவதில்லை. 192.168.10.77 என்ற முகவரி /26 பிரிவில் இருந்தால் அதன் நெட்வொர்க் முகவரி 64இல் முடியும், பிரிவிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் ஒருசேர அனுப்ப உதவும் பிராட்காஸ்ட் முகவரி 127இல் முடியும், கருவிகளுக்கு 62 முகவரிகள் கிடைக்கும் என்பது அன்றும் இன்றும் ஒன்றுதான். அந்த அத்தியாயங்களுக்காகக் காக்காவின் புத்தகத்தை வைத்துக்கொண்டேன்.

அடுத்ததாக, சிஸ்கோ பிரஸ் இரண்டு தொகுதிகளாக வெளியிடும் அதிகாரபூர்வ வழிகாட்டி நூலை வாங்கினேன். ஒரு கட்டளை ஏன் அப்படி அமைந்தது என்பதைப் பொறுமையாக விளக்குவதில் நான் படித்தவற்றுள் இதற்கு ஈடில்லை. ஆனால் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் இதை நேரடியாகத் தொடங்கினால் முதல் ஐம்பது பக்கங்களிலேயே களைத்துப்போகக்கூடும். யூடியூபில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்ப் பாடங்களில் ஒரு தலைப்பைக் கேட்டுவிட்டு, அதே தலைப்பை அன்றிரவே நூலில் வாசிப்பது எனக்குப் பொருந்தியது. தேர்வைத் தமிழில் எழுத முடியாது என்பதால், ஆங்கில வாசிப்பைத் தள்ளிப்போடவும் கூடாது.

நான் மனமாரப் பரிந்துரைப்பது, கணினித் திரையிலேயே நெட்வொர்க்கை அமைத்துப் பழக உதவும் பாக்கெட் ட்ரேசர் என்ற மென்பொருளை. சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமியில் பதிவு செய்துகொண்டால் இது இலவசமாகவே கிடைக்கிறது. நிறுவி உள்நுழைந்துவிட்டால் இணையம் இல்லாதபோதும் இயங்குகிறது. கார்த்திகை மாதத்து மழையில் கம்பி அறுந்து இணையமும் மின்சாரமும் போய்விடும் எங்கள் கரையோரத்தில், மடிக்கணினியின் மின்கலம் தீரும்வரை படிப்பைத் தொடர முடிந்தது இதனால்தான்.

இதன் உண்மையான பலன் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு கணினியிலிருந்து ரவுட்டருக்கு அப்பால் உள்ள சர்வருக்கு பிங் (எட்டுகிறதா என்று சோதிக்கும் செய்தி) அனுப்பினால், முதல் முயற்சி தோற்று அடுத்தவை வெற்றி பெறுவதைப் பலரும் கண்டிருப்பார்கள். கம்பியில் ஏதோ கோளாறு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். சிமுலேஷன் நிலையில் ஒவ்வொரு அடியாக நகர்த்திப் பார்த்தபோது விளங்கியது: கணினி ரவுட்டரின் மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் முகவரி) கேட்டு ஏஆர்பி என்ற அழைப்பை அனுப்ப, கருவிகளை ஒன்றிணைக்கும் ஸ்விட்ச் அதை வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பரப்ப, ரவுட்டர் மட்டும் பதில் சொல்கிறது, பின்னர் அந்த ரவுட்டருக்கும் சர்வரின் மேக் முகவரி தெரியாததால், அது தன் பங்குக்கு ஏஆர்பி அனுப்பிவிட்டு, கையிலிருந்த முதல் தரவுப் பொட்டலத்தை (பாக்கெட்) கைவிடுகிறது. இதைக் கண்ணால் பார்த்த பிறகு மறக்கவே முடியவில்லை.

இன்னொரு நாள், இரண்டு ரவுட்டர்களுக்கு இடையில் 10 விநாடியாக இருந்த ஓஎஸ்பிஎஃப் ஹலோ நேரத்தை (அண்டை ரவுட்டருக்கு ‘இருக்கிறேன்’ என்று செய்தி அனுப்பும் இடைவெளி, இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும்) ஒரு பக்கம் மட்டும் 5 ஆக மாற்றிப் பார்த்தேன். ஒரு நிமிடம் ஆவதற்குள் அண்டை உறவு முறிந்தது. இரண்டுக்கும் இடையே நேரடி பிங் போய்க்கொண்டேயிருக்க, ரவுட்டிங் அட்டவணையில் மறுபக்கத்துக்கான வழி மட்டும் காணாமற்போயிருந்தது. இவ்வாறு வேண்டுமென்றே கெடுத்து, பின்பு காரணத்தைத் தேடிச் சரிசெய்த மாலைப்பொழுதுகளே எனக்கு அதிகம் கற்றுத் தந்தன. ரவுட்டிங் அடங்கிய ஐபி இணைப்பு என்ற பகுதிக்குத் தேர்வில் 25 சதவீதம் மதிப்பு இருப்பதால், இந்தப் பயிற்சிக்குச் செலவிடும் நேரம் வீணாகாது.

உண்மையான கருவிகளில் பழக வேண்டும் என்ற ஆசையில் இரண்டாம் கையாக ஒரு ரவுட்டரும் இரண்டு ஸ்விட்சுகளும் வாங்கினேன். கடலிலிருந்து இருநூறு அடி தள்ளியிருக்கும் வீட்டில், உப்புக்காற்று பட்டு ஓராண்டுக்குள் போர்ட்டுகளில் களிம்பு ஏறிவிட்டது. கருவியை அமைக்க உதவும் கன்சோல் கம்பியைச் செருகிப் பழகியது மட்டுமே மிச்சம். இந்தத் தேர்வுக்காக அந்தச் செலவைச் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன்.

மாதிரித் தேர்வுகளை வாங்கும்போது, விடை தவறானால் ஏன் தவறு என்று விளக்குபவையாகவும், கடந்துவிட்ட கேள்விக்குத் திரும்ப விடாதவையாகவும் பார்த்து வாங்குங்கள். உண்மைத் தேர்விலும் 120 நிமிடங்களுக்குள், பின்னோக்கிச் செல்லாமல்தான் விடையளிக்க வேண்டும். உண்மையான கேள்விகளே கிடைக்கும் என்று ஒருவர் கைப்பேசி வழியாக என்னிடமும் கோப்பு விற்க வந்தார், நான் மறுத்துவிட்டேன். கேள்விகளை வெளியிடுவதில்லை என்று ஒப்புக்கொண்ட பிறகே தேர்வு எழுதுகிறோம். அதை மீறுவோரின் மதிப்பெண்ணை ரத்து செய்யவும் தேர்வெழுதத் தடை விதிக்கவும் சிஸ்கோவுக்கு உரிமை உண்டு. மனப்பாடம் செய்த விடையை வைத்துக்கொண்டு, அறுந்த ஓஎஸ்பிஎஃப் உறவை ஒட்ட வைக்கவும் முடியாது.

இப்போது என் தம்பி படிக்கத் தொடங்கியிருக்கிறான். வழிகாட்டி நூலின் இரண்டு தொகுதிகளையும், நான் கெடுத்துச் சரிசெய்த பாக்கெட் ட்ரேசர் கோப்புகளையும், அட்டையிலுள்ள 200-125 என்ற எண்ணைச் சிவப்பு மையால் சுழித்த காக்காவின் பழைய புத்தகத்தையும் அவனிடம் கொடுத்திருக்கிறேன்.