ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி? எங்கள் பகுதியின் மூன்று அரசு நடுநிலைப் பள்ளிகள்

ஐந்தாம் வகுப்பை முடிக்கும் பிள்ளையை அடுத்து எங்கே சேர்ப்பது என்பதைப் பல பெற்றோர் மூன்றாண்டுக்கான முடிவாகவே எண்ணுகிறார்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் நடைமுறையில் உள்ள 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைப் பெற, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. கல்லூரி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்தே கணக்கிடுகிறது. இடையில் சில ஆண்டுகள் மட்டும் தனியார் பள்ளிக்கு மாற்றுபவர்கள் இதை முன்னதாகவே அறிந்திருப்பது நல்லது. என் மகளுக்காக எங்கள் ஒன்றியத்தில் உள்ள இரண்டு பள்ளிகளையும் அருகிலுள்ள நகராட்சிப் பள்ளியையும் இந்த நோக்கில்தான் பார்த்தேன்.

முதலாவது எங்கள் ஊரிலேயே இருக்கும் ஒன்றியப் பள்ளி. நடந்து போகும் தூரம், புதிய வகுப்பறைகள், அக்கறையான தலைமையாசிரியர் என எல்லாம் இருந்தும், கணிதமும் அறிவியலும் நடத்த வேண்டிய பட்டதாரி ஆசிரியர் வேறொரு பள்ளிக்கு மாற்றுப் பணியில் அனுப்பப்பட்டிருக்கிறார். கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குக் கேட்பதே குறைவு: அறிவியலுக்கும் கணிதத்துக்கும் சேர்த்து ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர். அந்த மூவரில் ஒருவர் இல்லாத பள்ளியில், தொடக்க வகுப்புகளைக் கவனிக்க வேண்டிய இடைநிலை ஆசிரியரே இயற்கணிதத்தையும் நடத்த நேர்கிறது. அதனால் இரு பக்கமும் பாடம் தேய்கிறது.

நகராட்சிப் பள்ளியில் ஆங்கில வழிப் பிரிவும் திறன் வகுப்பறையும் உள்ளன, ஆசிரியர் பணியிடங்களும் நிரம்பியிருக்கின்றன. ஆனால் 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதம் அங்கே ஏட்டில் மட்டுமே இருக்கிறது. அதைவிட என்னை வருத்தியது மாணவியர் கழிப்பறை. தாழ்ப்பாள் சரியில்லை, பிற்பகலில் தண்ணீர் வருவதில்லை. பதினொன்று முதல் பதின்மூன்று வயது வரையிலான பெண் பிள்ளைகள் மூன்று ஆண்டுகளைக் கழிக்கும் இடத்தில் இதைச் சிறு குறையென்று கடந்துவிட என்னால் முடியவில்லை. அரசு இலவசமாக வழங்கும் நாப்கின் அங்கும் கிடைக்கிறது. அதை மாற்றிக்கொள்ளத்தான் இடமில்லை.

மூன்றாவது, பக்கத்து ஊர் ஒன்றியப் பள்ளி. கட்டடம் பழையது, சுவரில் வண்ணம் மங்கியிருக்கிறது, என்றாலும் என் தேர்வு இதுதான். மூன்று பட்டதாரி ஆசிரியர்களும் சில ஆண்டுகளாக அங்கேயே பணியாற்றுவதால் ஒவ்வொரு பிள்ளையும் எங்கே தடுமாறுகிறது என்பதை அறிந்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தொகைத் தேர்வுக்கு மாலையில் தனியாகப் பயிற்சி தருகிறார்கள். அதில் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 12,000 ரூபாய் கிடைக்கும் என்பதால், கூலி வேலை செய்யும் குடும்பங்களுக்கு இந்தப் பயிற்சியின் மதிப்பு பெரிது. பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள தாய்மார்கள் கழிப்பறைக்குத் தண்ணீர்த் தொட்டி கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

தொலைவு ஒரு சிக்கல்தான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுவதால், ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளை காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டே கிளம்ப வேண்டும். இல்லையெனில் மதியச் சத்துணவு வரை பசியோடு உட்கார வேண்டியிருக்கும். வேலைக்கு விடியலில் புறப்படும் பெற்றோர் இதைக் கட்டாயம் கணக்கில் கொள்ள வேண்டும். எட்டாம் வகுப்புக்குப் பின் சேர வேண்டிய மேல்நிலைப் பள்ளி அங்கிருந்து ஒரே பேருந்தில் போகும் தொலைவில் இருப்பது ஆறுதல்.

இப்பள்ளியின் மெய்யான குறை, உடற்கல்விக்கும் ஓவியத்துக்கும் ஆள் இல்லாதது. ஆறு முதல் எட்டு வரை மாணவர் எண்ணிக்கை நூறைத் தாண்டினால் இவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்த எண்ணிக்கையை எட்ட இன்னும் சிலரே தேவை. எங்கள் ஊரிலிருந்தும் காலனியிலிருந்தும் இந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பை முடிக்கும் பிள்ளைகளின் பெற்றோர், சேர்க்கை முடிவதற்குள் ஒரு முறை அங்கே சென்று ஆசிரியர்களிடம் பேசிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.